தேசபக்தர் சிவாவும் தீரா நோயும்

தகடூர் என்று பழந்தமிழ் நூல்கள் கூறும் ஊரே இன்றைய தருமபுரி. அவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டாரை நெடுநாள் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி ஒன்று தன் கைக்கு எட்டியபோது, அதைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்தான் என்ற வரலாறு தமிழ்க் குழந்தைகள் அனைவரும் அறிந்ததே. அருமருந்தைப் பிறர்க்கு ஈந்தவன் ஆண்ட அதே சீமையில், நூறு ஆண்டுகளுக்கு முன், மருந்தே காணப்படாத ஒரு வியாதியோடு போராடிக்கொண்டு ஒரு தேசபக்தர் தம் கடைசி நாட்களைக் கழித்தார். பென்னாகரம் தாலுகாவைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் 1925-ஆம் வருஷம் ஜூலை மாதம் 23-ஆம் தேதி உயிர்நீத்த ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவையே நாம் குறிப்பிடுகிறோம்.

சிவாவைப்பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை இல்லை. பேசாத மேடையும் இல்லை. தூத்துக்குடியில் அவர் கர்ஜித்ததையும், சிறை சென்றதையும், பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப முயன்றதையும் சொல்கிறோம். அவர் நோயாளி என்பதை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ஏதோ கூசத்தக்க காரியத்தைச் சொன்னவர்களைப்போல விரைந்து அப்பால் சென்றுவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் வாழ்நாளின் ஒரு பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது. அதை விரித்துக் காண்பதே இன்று நமது நோக்கம். அதனால் இக்காலத்துக் குழந்தைகள் சிலருக்கு ஒரு நன்மை விளையும் என்று நம்புகிறோம். அது என்னவென்பதை இறுதியில் சொல்வோம்.

மதுரை ஜில்லாவில் அக்காலத்தில் அடங்கியிருந்த வத்தலக்குண்டில், 1884-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ஆம் தேதி, சிவா பிறந்தார். குடும்பம் எளியது. மதுரையில் சில காலம் படித்தார்; பின்னர் வறுமை காரணமாகத் திருவனந்தபுரம் சென்று, அங்கே தருமச் சத்திரத்துச் சோற்றில் உயிர் தரித்துக் கல்வியைத் தொடர்ந்தார். பள்ளிப் படிப்பு நீளவில்லை. ஆயினும் அறிவு வளர்ந்தது. துறவிகளின் சகவாசமும் வேதாந்த விசாரணையும் இளமையிலேயே அவரைப் பற்றிக்கொண்டன. சிவம் என்ற பெயரும் அந்தச் சகவாசத்தால் வந்ததே. வேதாந்தம் அவரை உலகைவிட்டு ஓடச் செய்யவில்லை. வங்காளப் பிரிவினைக்குப் பின் தேசமெங்கும் எழுந்த சுதேசிய அலை தென்கோடிக்கும் வந்தபோது, அவர் திருவனந்தபுரத்திலே இளைஞர்களைக் கூட்டிப் பேசத் தொடங்கினார். சமஸ்தானத்து அதிகாரிகள் அதைப் பொறுக்கவில்லை. அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர், ஊர் ஊராக நடந்தும் பேசியும் 1908-ஆம் வருஷத் தொடக்கத்தில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார்.

அங்கே ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளையவர்கள் வக்கீல், ஊரில் செல்வாக்குள்ளவர். சிவாவோ கையில் காசில்லாத பிரம்மசாரியைப் போன்ற தோற்றமுடைய 23 வயது இளைஞர். ஆயினும் கண்டவுடனேயே இருவரும் ஒன்றுபட்டனர். பிள்ளையவர்கள் தம் வீட்டிலேயே சிவாவுக்கு இடமளித்தார். கடற்கரையில் நடந்த கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டனர். அவ்வருஷம் பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இருவரும் அவர்களுக்குத் துணைநின்று ஊக்கமூட்டினர். தொழிலாளர் கோரிக்கைக்கு முதலாளிகள் இணங்க வேண்டியதாயிற்று. விபின சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடியதைச் சாக்காக வைத்து, மார்ச்சு மாதம் 12-ஆம் தேதி சர்க்கார் இருவரையும் கைது செய்தது. மறுநாள் திருநெல்வேலி நகரமே கொந்தளித்தது. துப்பாக்கிப் பிரயோகமும் உயிர்ச்சேதமும் நிகழ்ந்தன.

வழக்கை விசாரித்த செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, ஜூலை மாதத்தில் தீர்ப்புக் கூறினார். இராஜத்துரோகக் குற்றத்திற்காகச் சிவாவுக்குப் பத்து வருஷத் தீவாந்தர சிட்சை. பிள்ளையவர்களுக்கு, அவருடைய சொந்தப் பேச்சுக்காக ஓர் ஆயுள்தண்டனையும், சிவாவின் குற்றத்திற்கு உடந்தையாயிருந்ததற்காக மற்றோர் ஆயுள்தண்டனையும் விதிக்கப்பட்டன. சட்டம் பயின்றவர்கள் இன்று அத்தீர்ப்பைப் படித்தாலும் திகைப்பே மிஞ்சும். ஓர் ஏழை இளைஞனை வீட்டில் வைத்துச் சோறிட்டு ஆதரித்ததும் குற்றத்தின் அங்கமாகக் கொள்ளப்பட்டது. பின்னர் ஹைக்கோர்ட்டார் தண்டனைகளைக் குறைத்தனர். சிவாவின் தண்டனை ஆறு வருஷமாயிற்று.

சிறைவாசம் அவர் உடலைச் சிதைத்தது. அரசியல் கைதி என்ற தனி மதிப்பு அக்காலத்தில் கிடையாது. கொலைகாரர்க்கும் கொள்ளைக்காரர்க்கும் உரிய வேலையும் உணவுமே அவருக்கும் கிடைத்தன. திருச்சியிலும் சேலத்திலும் அவர் சிறை வைக்கப்பட்டிருந்தார். அந்தச் சிறைக்காலத்திலேதான் தொழுநோய் அவர் உடலில் வெளிப்பட்டது. குஷ்டரோகம் என்று அக்காலத்தார் நாக்கூசிச் சொன்ன அவ்வியாதி மிக மெதுவாக வளர்வது. அதன் கிருமி உடலிற் புகுந்து அடையாளங்கள் தோன்றுவதற்குச் சராசரியாக ஐந்து வருஷங்கள் ஆகும். சிலருக்கு இருபது வருஷங்களும் ஆவதுண்டு என்று வைத்தியர்கள் கூறுகின்றனர். ஆகவே சிவாவின் உடலில் அது எந்த நாளில் நுழைந்தது என்று இன்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் சிறையிலே அது தலையெடுத்தது என்பதில் ஐயமில்லை. நல்லுணவின்றியும் ஓய்வின்றியும் நொறுங்கிய தேகத்தில் அது தங்குதடையின்றிப் பரவியது. 1912-ஆம் வருஷம் நவம்பரில் சிறைக்கதவு திறந்தபோது சிவாவுக்கு வயது 28. வெளியே வந்தவர் தம்மோடு இன்னொரு சிறையையும் சுமந்துகொண்டு வந்தார். அதற்கு விடுதலை நாள் குறிக்கப்படவில்லை.

அந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான்? வீட்டின் இருண்ட மூலையில் ஒதுங்கிவிடுவான்; அல்லது ஸ்தல யாத்திரை என்று கூறிக்கொண்டு எவரும் அறியாத ஊருக்குப் போய்விடுவான். அக்காலத்தில் தொழுநோயாளருக்குப் பெரும்பாலும் அதுவே கதியாயிருந்தது. முன்வினைப் பயன் என்று ஊரார் முடிவுகட்டிவிட்டால், அதன்மேல் அப்பீல் இல்லை. சட்டமும் அவர்களுக்குத் துணைநிற்கவில்லை. 1898-ஆம் வருஷத்துக் குஷ்டரோகிகள் சட்டம், தெருவில் இரந்து திரியும் நோயாளிகளைப் பிடித்து அடைக்கவும், அவர்கள் சில தொழில்களைச் செய்யவொட்டாமல் தடுக்கவும் சர்க்காருக்கு அதிகாரமளித்தது. மருந்தென்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய் ஒன்றே. அதை உண்டாலும் குமட்டல், ஊசியாற் செலுத்தினாலும் வேதனை, பலனோ நிச்சயமில்லை.

சிவா மூலையில் ஒதுங்கவில்லை. விடுதலையான மறு வருஷமே, 1913-ல், சென்னையில் ஞானபாநு என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியிலிருந்து பாரதியாரும், சிறைமீண்ட பிள்ளையவர்களும் அதில் எழுதினர். பின்னர் பிரபஞ்சமித்திரன், இந்திய தேசாந்திரி என்ற பத்திரிகைகளையும் நடத்தினார். நாவல் எழுதினார், நாடகம் எழுதினார், இராமாநுஜருடைய சரித்திரத்தை எழுதினார். விரல்களை அழிக்கும் வியாதியோடு இருந்தவர் விரல்களின் வேலையையே தம் தொழிலாகத் தேர்ந்துகொண்டார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். விடுதலைக்குப் பின் சில வருஷங்களில் அவருடைய மனைவியார் மீனாட்சியம்மையாரும் காலஞ்சென்றார். வறுமையும் தனிமையும் நோயும் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தும் அவருடைய வாயை அடைக்க முடியவில்லை. சென்னையில் தொழிலாளர் கிளர்ச்சிகள் எழுந்தபோது அவர்களிடம் சென்று பேசினார். மேடைகளில் ஏறினார். அவருடைய நோயை எல்லோரும் கண்ணாற் கண்டனர், கண்டும் கேட்டனர்.

சர்க்காருக்கு அவருடைய வாயே கவலை. வியாதி அவர்களுக்கு ஒரு வசதியாக வாய்த்தது. தொற்றுநோய் உள்ளவர்களை வண்டியில் ஏற்ற மறுக்கும் அதிகாரத்தை 1890-ஆம் வருஷத்து ரயில்வேச் சட்டம் அளித்திருந்தது. தொழுநோயாளி என்ற காரணத்தைக் காட்டிச் சிவாவின் ரயில் பிரயாணம் தடுக்கப்பட்டது. பொதுஜன சுகாதாரமே காரணம் என்று அதிகாரிகள் வாதிக்கலாம். ஆனால் இன்றைய வைத்திய நூல் அந்த வாதத்திற்கு இடந்தரவில்லை. மனிதரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இயற்கையிலேயே அக்கிருமியை எதிர்க்கும் சக்தி உண்டு. நெடுங்காலம் நெருங்கிப் பழகினாலன்றி அது பரவுவதில்லை. ஒரே வண்டியில் சில மணி நேரம் அமர்வதால் வருவதன்று. ஆகவே அந்தத் தடை எவரையும் நோயினின்று காத்திருக்கும் என்று நாம் நம்பவில்லை. அதன் உண்மையான பலன் ஒரு பேச்சாளரின் கால்களைக் கட்டியதே.

கட்டுண்டவர் அதற்கும் மாற்றுக் கண்டார். கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் புறப்பட்டார். உணர்ச்சி மரத்த பாதங்களில் முள் தைத்தாலும் தெரியாது. கல் கிழித்தாலும் வலிக்காது. வலியில்லாமையால் புண் ஆறுமுன்னே மறுபடி மிதிபட்டு ஆழ்ந்துவிடும். தொழுநோயின் கொடுமை இதுவே. அத்தகைய பாதங்களோடு அவர் தமிழ்நாட்டின் பாதைகளில் நடந்தார். இடையே துறவுக் கோலம் பூண்டு, சுதந்திரானந்தர் என்ற பெயரும் தாங்கினார். 1921-ஆம் வருஷத்தில் மறுபடியும் இராஜத்துரோக வழக்கு, மறுபடியும் சிறை. நோய் மிகுந்த நிலையில் வெளிவந்தார்.

பாப்பாரப்பட்டி அன்பர்கள் சிலர் அவருக்கு இடமும் நிலமும் தந்து ஆதரித்தனர். அப்போது அவ்வூர் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. தருமபுரி தனி ஜில்லாவானது 1965-ல்தான். அங்கே பாரதாசிரமம் என்ற பெயரால் ஒரு நிலையம் கண்டு, சாதி சமய பேதமின்றி யாவரும் வந்து வணங்கத்தக்க பாரத மாதா ஆலயம் ஒன்றை எழுப்ப வேண்டுமென்று உறுதிகொண்டார். 1923-ஆம் வருஷத்தில், வங்காளத்துப் பெருந்தலைவர் சித்தரஞ்சன தாஸர் பாப்பாரப்பட்டிக்கு வந்து ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். கல்கத்தாவின் முதன்மையான வக்கீலாயிருந்தவர், தமிழ்நாட்டின் ஒரு சிற்றூருக்கு, ஊரார் அருகிருக்கவும் அஞ்சும் ஒரு நோயாளியின் அழைப்பை மதித்து வந்தார் என்பது நம் தேசிய சரித்திரத்தில் மறக்கத் தகாத காட்சி.

அடிக்கல் நாட்டப்பட்டபின் சிவா பணம் திரட்டப் புறப்பட்டார். உடல் இடங்கொடுக்கவில்லை. மதுரைப் பக்கம் சென்றிருந்தவர், நோய் முற்றிய நிலையில் பாப்பாரப்பட்டிக்கே மீண்டார். அங்கே 1925-ஆம் வருஷம் ஜூலை 23-ல், நாற்பத்தோராம் வயது நிறைவதற்குள், காலமானார். அடிக்கல் நாட்டிய தாஸரும் அதற்கு ஒரு மாதம் முன்னரே, ஜூன் 16-ஆம் தேதி டார்ஜிலிங்கில் காலஞ்சென்றிருந்தார். ஆலயப் பணி அப்படியே நின்றது. நெடுங்காலத்திற்குப் பின்னர் தமிழக அரசு பாப்பாரப்பட்டியில் சிவாவுக்கு மணிமண்டபமும், அண்மை வருஷங்களில் பாரத மாதா நினைவாலயமும் அமைத்தது.

இனி, தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட விஷயத்துக்கு வருவோம்.

சிவா பாப்பாரப்பட்டியில் நலிந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், கடல்களுக்கு அப்பால் கனடா தேசத்து டொரண்டோ நகரில் மற்றொரு தீரா நோய்க்கு மருந்து பிறந்துகொண்டிருந்தது. அந்நோய் நீரிழிவு, அதிலும் குழந்தைகளையும் இளைஞரையும் பெரும்பாலும் பற்றும் முதல்வகை நீரிழிவு. உடலைக் காக்க வேண்டிய சக்தியே வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் அது உண்டாகிறது. இன்சுலின் இல்லையேல் உண்ட உணவு இரத்தத்திலே சர்க்கரையாகத் தேங்கி நிற்கும். உடலோ பசியால் வாடும். அந்நாள் வரை வைத்தியர்கள் அறிந்த ஒரே உபாயம், குழந்தையைப் பட்டினி போட்டுச் சாவைச் சில மாதங்கள் தள்ளிவைப்பதே. 1922-ஆம் வருஷம் ஜனவரி மாதம் லெனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. முதல் ஊசி நன்கு பலிக்கவில்லை. சுத்தப்படுத்திய மருந்தை மாத இறுதியில் மறுபடி செலுத்தியபோது, சாகக் கிடந்த சிறுவன் தேறினான். மேலும் 13 வருஷங்கள் வாழ்ந்தான். பான்டிங், பெஸ்ட், காலிப், மக்லியாட் என்ற நால்வரின் உழைப்பு அது. 1923-ல், பாப்பாரப்பட்டியில் அடிக்கல் நாட்டப்பட்ட அவ்வருஷத்திலேயே, பான்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தின் காப்புரிமையை அதன் உரிமையாளர்கள் தலைக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ சர்வகலாசாலைக்கு விற்றுவிட்டனர். அதியமான் நெல்லிக்கனியை ஈந்த செயலுக்கு அது சற்றும் குறைந்ததன்று.

தொழுநோய்க்கும் பின்னர் மருந்து வந்தது. 1940-களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ அந்நோய் தீர்ந்துவிடும், மருந்து இலவசம். 1898-ஆம் வருஷத்துச் சட்டம் 2016-ல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கோரும் உரிமையும் 2019-ல் சட்டத்தினின்று எடுக்கப்பட்டது. சிவா மறைந்து 94 வருஷங்கள் கழித்தே சட்டம் அவ்வளவு தூரம் நடந்து வந்தது.

இரு நோய்களும் ஒன்றல்ல என்பதை நாம் அழுத்திச் சொல்கிறோம். நீரிழிவு எவரிடமிருந்தும் எவருக்கும் தொற்றாது. ஆயினும் இரண்டுக்கும் இடையே ஓர் ஒற்றுமை உண்டு; அதைக் கண்டு பயன்படுத்தியவர்கள் நம் நாட்டிலேயே இருந்தனர். பழைய சேலம் ஜில்லாவின் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, வேலூரில் தொழுநோயாளரின் கைகால்களை ஆராய்ந்து, விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சியின்மையால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று நிறுவினார். அதன் பயனாக வேலூரிலும் காரிகிரியிலும் மென்மையான ரப்பர்ப் பாதரட்சைகள் செய்யப்பட்டன. நெடுநாள் நீரிழிவால் பாதங்கள் மரத்துப் போனவர்களுக்கும் இன்று அத்தகைய பாதரட்சைகளே காப்பு. சிவாவின் பாதங்களுக்குக் கிடைக்காத அந்தப் பாதுகாப்பு, தொழுநோயாளரைக் கண்டு அருவருத்த வீடுகளில் உள்ள நீரிழிவுக்காரர்களின் பாதங்களையும் இன்று காக்கிறது.

மற்றோர் ஒற்றுமை நம் நெஞ்சில் இருக்கிறது. அது மறைக்கும் வழக்கம். முதியவர்களின் நீரிழிவைப்பற்றி நம்மவர் காப்பிக் கடைகளில் தாராளமாகப் பேசுகிறார்கள். சர்க்கரை வேண்டாம் என்று சொல்வதில் ஒரு பெருமையும் கொள்கிறார்கள். ஆனால் பத்து வயதுப் பெண்ணுக்கு இன்சுலின் ஊசி போடவேண்டியிருக்கிறது என்றால் வீடு கதவடைத்துக்கொள்கிறது. பள்ளியில் சொல்வதில்லை, உறவினர்க்குச் சொல்வதில்லை, நாளை விவாகம் தடைப்படுமே என்ற அச்சம். நாட்டு மருந்தில் குணமாகும் என்று எவரோ சொல்ல, ஊசியை நிறுத்துவோரும் உண்டு. நாம் சொல்வதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்: முதல்வகை நீரிழிவுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்துவது அதன் மூச்சை நிறுத்துவதற்குச் சமம். சில நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் மிகுந்து மயக்கமும் மரணமும் நேரும்.

ஆகவே ஒவ்வொரு தாயும், ஒவ்வோர் உபாத்தியாயரும் இதன் அடையாளங்களை அறிந்திருக்க வேண்டும். தணியாத தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையை நனைப்பதை விட்டிருந்த குழந்தை மீண்டும் நனைத்தல், நன்றாக உண்டும் இளைத்தல், சோர்வு. இவை கண்டால் அன்றைக்கே இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் கண்டுவிட்டால், ஒரு மணி நேரமும் தாமதியாது பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வயிற்றுக் கோளாறு என்றும் காற்றுக் கருப்பு என்றும் கருதிக் காலத்தைக் கழித்தால் குழந்தை கைவிட்டுப் போய்விடும். தித்திப்பு அதிகம் தின்றதால் இந்நோய் வந்ததென்று தாயைப் பழிப்பது அறியாமை. இதற்கு அவள் காரணமல்லள், குழந்தையும் காரணமல்ல.

நோய் இன்னதென்று தெரிந்தபின் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. தினமும் பலமுறை ஊசி. பலமுறை விரல்நுனி இரத்தத்தைச் சோதித்தல். உணவுக்கும் உழைப்புக்கும் தக்கபடி மருந்தின் அளவைக் கணித்தல். இது சுலபமென்று நாம் சொல்லவில்லை. விடுமுறை இல்லாத வேலை அது. மருந்து மிகுந்துவிட்டாலோ, உணவு தவறிவிட்டாலோ, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரும். அப்போது உடனே சர்க்கரையோ குளுகோஸோ கொடுக்க வேண்டும். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வாழும் குடும்பத்துக்குக் குளிர்ப்பெட்டி இல்லையே என்ற கேள்வி எழலாம். உபயோகத்திலிருக்கும் இன்சுலின் குப்பியைப் பொதுவாகச் சுமார் நான்கு வாரம் வரை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். கோடையில் ஈர மணலிட்ட மண்பானைக்குள் வைத்துக் காப்பது பலரும் கண்ட வழி. மருந்தை உறையவிடக் கூடாது. வெயிலிலும் காயவிடக் கூடாது.

சர்க்காருக்கும் சமூகத்துக்கும் செய்யவேண்டியது இன்னும் மிகுதி. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-லேயே நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு கண்டார். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்பு தருமபுரியோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரி ஜில்லாவின் ஒரு கிராமத்தில்தான், வீடு தேடி மருந்து கொண்டுசெல்லும் அரசுத் திட்டம் 2021-ல் தொடங்கிற்று. இவை நல்ல அடித்தளங்கள். ஆனால் பெரியவர்களுக்கு மாத்திரை கொண்டுபோகும் வழியிலேயே, குழந்தைகளுக்கு இன்சுலினும் ஊசியும் சோதனைப் பட்டைகளும் தட்டின்றிக் கிடைக்க வேண்டும். 2016-ஆம் வருஷத்தில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது, தொழுநோயினின்று குணமானவர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். முதல்வகை நீரிழிவு சேர்க்கப்படவில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ல் நீரிழிவுள்ள மாணவர்கள் பரீட்சைக் கூடத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. சிறிய சலுகைதான், ஆனால் வகுப்பறையில் ஒரு குழந்தை தன் நோயை வெளியே சொல்வதற்கு அது துணை. எல்லாப் பள்ளிகளிலும் அவ்வழக்கம் வேரூன்ற வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளச் சுத்தமான ஓர் இடமும், மயக்கம் கண்டால் என்ன செய்வதென்று அறிந்த ஓர் ஆசிரியரும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும்.

சிவாவுக்கு மருந்து இல்லை. ஆனால் மறைவும் இல்லை. நோயை யாவரும் காணவே எழுதினார், பேசினார், நடந்தார். நம் குழந்தைகளுக்கு மருந்து இருக்கிறது. நாம் அவர்களை மறைத்து வைக்கிறோம். ஜூலை 23-ல் பாப்பாரப்பட்டி மணிமண்டபத்தில் மாலையிட்டு உரையாற்றும் பெரியோர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்றுண்டு. அன்றைய கூட்டத்தில் தருமபுரி ஜில்லாவில் தினமும் ஊசியிட்டுக்கொள்ளும் பிள்ளைகள் விரும்பி வந்தால், அவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் முன்வரிசையில் அமர்த்துங்கள். இவர்களுக்கு வந்திருப்பது இன்ன நோய், இது தொற்றாது, ஊசி இருந்தால் இவர்கள் படிப்பார்கள், உழைப்பார்கள், மணம் செய்துகொள்வார்கள் என்று மேடையிலிருந்து ஊரறியச் சொல்லுங்கள். ரயிலேற விடாது தடுக்கப்பட்ட ஒரு தேசபக்தருக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.